டீக்கடையில் மாட்டிய பாட்டு

முப்பது வயது முடிந்தால் ஆசிரியர் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும் என்பது நம் 'கன்டெய்னர்' பத்திரிகையின் விதி. அந்த விதியைப் போட்டபோது நான் கல்லூரியை விட்டு வெளியே வந்த புதிது. முப்பது என்பது யாரோ கிழவர்களுக்கு வரும் வயது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. "இன்னாடா, இப்பவே பென்ஷனா?" என்று அம்மா கேட்கிறாள். பென்ஷன் கிடையாது. போகும்போது கொஞ்சம் பேசிவிட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

போன ஆசிரியர் குழுக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "அண்ணா, பாட்டு வரியை அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி அந்தந்தத் தெருவுக்குப் போய்ச் சத்தமாப் படிக்கணும்னு வெச்சிருக்கீங்களே, அது இன்னாத்துக்கு? பாடினவருக்கு போன்ல அனுப்பி ஓகே வாங்கினா பத்தாதா?"

நியாயமான கேள்விதான். வெயிலில் எண்ணூர் வரை பஸ்ஸில் போய், யாரோ நாலு பேர் பல் குத்திக்கொண்டு நிற்கும் இடத்தில் பத்திரிகைப் பக்கத்தைப் படிப்பது யாருக்கும் பிடிக்காது. அன்றைக்கு நான் "படிக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டேன். அது பதில் இல்லை. இதுதான் பதில்.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அம்மா இறால் உரிக்கப் போனாள். கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். நான் 'கீது' என்று சொன்னால் போதும், வகுப்பில் பின்பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். சினிமாவில் காமெடியன் பேசுவது மாதிரி இருக்கிறதாம். கொஞ்ச நாள் வாயே திறக்காமல் இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துப் பையன்கள் ராப் பாட ஆரம்பித்தார்கள். மொட்டை மாடியில் போனை வைத்துப் பதிவு செய்து யூடியூபில் போடுவார்கள். அவர்களும் 'கீது' என்றுதான் பாடினார்கள். கேட்டவன் தலையாட்டினான், எவனும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வேகத்தில் பாதி வார்த்தை காதில் விழாது. இதை அச்சடித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தியேட்டர் வாசலில் முன்பு பாட்டுப் புத்தகம் விற்பார்களே, அந்த மாதிரி.

ரீட்டாவிடம் சொன்னேன். உங்களுக்கு அவளைப் பக்கங்களை வடிவமைக்கும் அக்காவாகத்தான் தெரியும். அப்போது அவள் என் வகுப்புத் தோழி. அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் கயிறும் வலையும் மிதவையும் விற்கிற கடை போட்டிருந்தார். கடைக்கு மேலே ஓர் அறை, அறையில் ஒரு கம்ப்யூட்டர். "வெறும் பாட்டுப் புத்தகம்னா நான் வரலை. பேட்டி, விமரிசனம், சண்டை எல்லாம் வேணும்" என்றாள்.

"சண்டையா?"

"ஏலேய், ராப்ல சண்டை இல்லைன்னா அதுக்குப் பேரு பஜனை."

வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஓர் அச்சகத்தைப் பிடித்தோம். முதல் இதழின் அட்டையில், மண்டை ஓடு போட்ட தொப்பியோடு ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவன் தலைக்கு மேலே அச்சகக்காரர் எங்களைக் கேட்காமலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டார். ஒவ்வொரு பிரதிக்கும் நாலு மூலையிலும் மஞ்சள். ரீட்டா போய்ச் சண்டை போட்டதற்கு, "முதல் காரியம்லா தாயி, மொட்டையாவா விட முடியும்?" என்றார் அந்தத் திருநெல்வேலிக்காரர். சுழியை அடுத்த இதழில் எடுத்துவிட்டோம். மஞ்சளை இன்றுவரை விடவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பினோம். அவ்வளவுதான் காரணம்.

பெயர் வந்த கதை இன்னும் எளிது. எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைதான் எங்கள் முதல் கடை. ஓட்டுநர்களுக்குப் பொழுது போகாது. நானும் ரீட்டாவும் ஒவ்வொரு லாரியாகத் தட்டித் தட்டி விற்றோம். ஒருவர் பிரதியைப் புரட்டிப் பார்த்து, "இன்னா நைனா, இது நம்ம வூட்டுல பேசறதாச்சே. இதைப் போய் அச்சடிச்சிக்கினு கீறீங்க" என்றார். கேலியாகச் சொன்னாரா, சந்தோஷமாகச் சொன்னாரா தெரியாது. வாங்கினார். அதற்குப் பிறகு நான் எங்கேயும் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எண்ணூருக்கு வடக்கே ஒரு குப்பம். பெயர் வேண்டாம். அங்கிருந்து ஒரு பையன் பாடிக்கொண்டிருந்தான். மேடைப் பெயர் வஞ்சிரம். "இருக்கறதுலயே விலை ஜாஸ்தி மீன் அதான், அதனால வெச்சேன்" என்பான். அவன் அப்பாவிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது, பின்னால் மோட்டார் மாட்டி ஓட்டுகிற சின்னப் படகு. வஞ்சிரமும் பாதி நாள் அதில் போவான். ராயபுரத்தில் இன்னொருவன் இருந்தான், மேடைப் பெயர் டீசல். அவன் அப்பா லாஞ்சு ஓட்டுகிறவர். வலையைக் கடலில் இழுத்துக்கொண்டே போகும் பெரிய விசைப்படகைத்தான் நம் பக்கம் லாஞ்சு என்பது. படகு வேறொரு முதலாளிக்குச் சொந்தம், இவர் டிரைவர்.

சின்னப் படகுக்காரர்களுக்கும் லாஞ்சுக்காரர்களுக்கும் ஆகாது என்பதைக் கடற்கரையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் லாஞ்சு கரைப் பக்கம் ஒதுங்கி வந்தால், சின்னப் படகுகள் விரித்து வைத்திருக்கும் வலை அதில் மாட்டி அறுந்து போகும். வலை போனால் அந்த வீட்டில் சீசனே போச்சு.

இருவரும் ஒருவரையொருவர் திட்டி ஆளுக்கொரு பாட்டு போட்டார்கள். வஞ்சிரம் பாடினது இது:

உங்கப்பன் லாஞ்சு வந்துச்சு, எங்கப்பன் வலை அந்துச்சு
உப்புத் தண்ணி மட்டுந்தான் எங்க உலையில வெந்துச்சு

டீசல் திருப்பிக் கொடுத்தான்:

ஐசு பாக்காத மீனு, அதுக்கு வஞ்சிரம்னு பேரு
முள்ளு மட்டும் மிச்சங்கீது, வாங்கறது யாரு

இரண்டு பாட்டும் யூடியூபில் கிடந்தன. இரண்டு கரையிலும் கேட்டார்கள், சிரித்தார்கள், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் ரெண்டையும் அச்சடித்தோம். ரீட்டா நடுவில் ஒரு அறுந்த வலையை வரைந்தாள். நாங்கள் போட்டதிலேயே அழகான பக்கம் அதுதான்.

வஞ்சிரத்துக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாகப் பிரதி கொடுத்தான். போதாதென்று தன் பக்கத்தை மட்டும் கிழித்து, லேமினேட் செய்து, குப்பத்து டீக்கடையில் மாட்டிவிட்டான்.

அந்த டீக்கடைச் சுவரில் என்னென்ன மாட்டுவார்கள் என்று நாங்கள் யோசிக்கவில்லை, அந்தக் குப்பத்திலேயே பிறந்த அவனும் யோசிக்கவில்லை. புயல் எச்சரிக்கை அங்கேதான் வரும். மீன்துறை அறிவிப்பு அங்கேதான். சாவு நோட்டீஸ், கோயில் வரி, எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்கிற ஊர் முடிவு, எல்லாம் அந்தச் சுவரில்தான். அங்கே மாட்டியிருந்தால் அது ஊரறிய எழுதிக் கொடுத்த பேச்சு. இன்ன லாஞ்சு எங்கள் வலையை அறுத்தது என்று ஒருவன் பிளாஸ்டிக் உறை போட்டு எழுதிக் கொடுத்துவிட்டான்.

லாஞ்சுக் கரையிலிருந்து ஆட்கள் வந்து கேட்டார்களாம்: "எழுதி மாட்டிக்கீறீங்க. எப்போ அறுத்தோம், எங்க அறுத்தோம், சாட்சி யாரு?"

அடுத்த நாள் மத்தியானம் வஞ்சிரம் எங்கள் அறைக்கு ஏறி வந்தான். வழக்கமாகப் படியேறும்போதே பாடிக்கொண்டு வருகிறவன். அன்றைக்குச் சத்தமே இல்லை.

"மோட்டாரைக் கழட்டிட்டாங்க மாமு" என்றான்.

குப்பத்து வழக்கம் அது. ஒருவர் மேல் பஞ்சாயத்து நடக்கும்போது அவர் படகின் மோட்டாரைக் கழற்றி ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வைத்துவிடுவார்கள். முடிவு தெரியும் வரை படகு கரையில் கிடக்கும். வஞ்சிரத்தின் அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், மூன்று வீட்டு அடுப்பு அந்த ஒரு மோட்டாரில்தான் எரிந்தது.

"அப்பா இன்னா சொன்னாரு?" என்று ரீட்டா கேட்டாள்.

"ஒண்ணுமே சொல்லலை. அதான் பேஜாரா கீது. நாலு சாத்து சாத்தியிருந்தா நிம்மதியா இருக்கும்."

நானும் ரீட்டாவும் அவனோடு போனோம். கூடத்தில் ஒரு மூலையில் அந்த மோட்டார் சாக்கு விரித்துச் சாய்த்து வைத்திருந்தது. நடுவில் பெரியவர்கள். ஊர்த் தலைவர் லேமினேட் செய்த பக்கத்தை மடியில் வைத்திருந்தார்.

"இது உண்மையா, பொய்யா?" என்றார்.

வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். ராப் என்றால் என்ன, அதில் திட்டுவது எப்படி ஒரு கலை, எங்கெங்கே எல்லாம் இப்படிப் பாடுகிறார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, பாட்டுல திட்டறது இன்னான்னு எங்களுக்குத் தெரியும். எங்க வூட்டுப் பொம்பளைங்க ஏலத்துல ஒருத்தியை ஒருத்தி திட்டறதை நீ கேட்டா உன் பத்திரிகை பத்தாது. எங்க பையனை முள்ளுன்னு அந்தக் கரைப் பையன் சொல்லிக்கீறான். அதுக்கு நாங்க கூட்டம் போட்டோமா? இல்லை. இது வலைப் பேச்சு. நாளைக்கு ஒருத்தன் நெஜமாவே வலை அந்து போயி அழுதுகினு வருவான். நாங்க அந்தக் கரைக்குப் போய் நியாயம் கேப்போம். அவன் இன்னா சொல்வான்? 'போய்யா, நீங்க பாட்டுக்குச் சொல்றவங்க'ன்னு சொல்வான். வலை அந்துச்சுன்னு சொன்னா நம்பணும். எங்க கையில அது ஒண்ணுதான் கீது. அதையும் நீங்க ஜோடி வார்த்தைக்கு வெச்சு அடிச்சிட்டீங்க."

தலைவர் மடியிலிருந்த பக்கத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உண்மைன்னா அந்த டிரைவரை இட்டுக்கினு வா, ஒத்துக்கட்டும். பொய்ன்னா பொய்ன்னு அதே மாதிரி அச்சடிச்சு அதே சுவத்துல மாட்டு. ஞாயித்துக்கெழமை கூட்டம்."

வெளியே வந்ததும் வஞ்சிரம் சொன்னான்: "பொய்ன்னே போட்டுடு மாமு. அப்பா கடலுக்குப் போவட்டும்."

"போட்டா உன் பேரு?" என்றாள் ரீட்டா.

"பேரு கெட்டா கெடட்டும். இனிமே பாடலை, போதுமா? வஞ்சிரம் காலி. பொடி மீனா இருந்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

பொய் என்று அச்சடிப்பது எங்களுக்குச் சுலபம். ஒரு சின்னத் துண்டுச் சீட்டு, வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சுவரில் 'பொய்' என்று மாட்டினால் அந்தக் குடும்பத்தின் பேச்சை இனி அந்த ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். நாளை அவன் அப்பாவின் வலையே நிஜமாக அறுந்தாலும் எடுக்க மாட்டார்கள். பஸ் ஏறும்போது ரீட்டா, "டீசல் வீட்டுக்குப் போவோம். எதிர்ப் பக்கத்தையும் நாமதானே அச்சடிச்சோம்" என்றாள்.

டீசல் எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக வந்தான். "என்னாலதான் இவ்ளோ பிரச்சினையா? பாட்டு அவ்ளோ ரீச்சா?" என்று கேட்டான். பிறகு மோட்டார் கதையைச் சொன்னோம். பல் மறைந்தது.

"அவன் அப்பாவை இதுல இன்னாத்துக்கு இழுக்கறாங்க?"

"உன் அப்பாவை அவன் இழுத்தான்லா, அதுக்குத்தான்" என்றாள் ரீட்டா.

உள்ளேயிருந்து டீசலின் அப்பா வந்தார். கரைக்கு வந்து குளித்த ஈரம் தலையில் இருந்தது. தன் மகன் பாடுகிறான் என்பதே அவருக்கு இந்தப் பஞ்சாயத்துப் பேச்சு வந்த பிறகுதான் தெரியுமாம். "டீசல் டீசல்னு பசங்க கூப்ட்டாங்க. லாஞ்சுக்கு டீசல் புடிக்கப் போறான்னு நெனச்சேன்" என்றார். டீ வரவழைத்தார். பேட்டிக்குப் போனால் போனில் பதிவை ஓட விட்டு நடுவில் வைப்பது எங்கள் பழக்கம். உட்கார்ந்ததுமே டீசலிடம் கேட்டுக்கொண்டு, அவன் பக்கத்துப் பேச்சுக்காக ஓட விட்டிருந்தேன். அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தப் பையன் பாத்தா எழுதினான்? இல்லை. ஆனா அறுத்தியான்னு என்னைக் கேட்டா, நான் இன்னா சொல்றது? இருட்டுல ஓட்டிக்கினு வரோம். படகுக்கு அடியில, விசிறியில எதுனா சுத்திக்கினு வரும். கரைக்கு வந்து பாத்தா யாரோடதோ வலை, அரை வலை, கிழிஞ்ச வலை. யாருதுன்னு எப்படித் தெரியும்? எத்தனையோ வாட்டி அவுத்துப் போட்டுக்கீறேன். அவங்களோடதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

நான் போனைப் பார்த்தேன். வஞ்சிரத்தின் மோட்டார் அந்தப் போனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இதை ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் போட்டுக் காட்டினால் போதும். அவன் பொய்யன் இல்லை, படகு கடலுக்குப் போகும். ஆனால் லாஞ்சு முதலாளி இந்த மனிதரை அடுத்த நாளே இறக்கிவிடுவார். இரண்டு கரைக்கும் நடுவில் என்னென்ன நடக்குமோ.

ரீட்டா போனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "எடிட்டரே" என்றாள். அவ்வளவுதான்.

போனை எடுத்து, அவர் பார்க்க, பதிவை அழித்தேன். இதைப் படித்துவிட்டு என்னைப் பெரிய மனுஷனாக நினைக்க வேண்டாம். ரீட்டாவின் பார்வைக்குப் பயந்ததும் பாதிக் காரணம்.

"இன்னா அழிச்சே?" என்றார் அவர்.

"நீங்க இப்ப சொன்னது."

"அதைப் போட்டுக் காட்டினா அந்தப் படகு அவுந்துடுமா?"

"அவுந்துடும்."

"அப்போ ஏன் அழிச்சே?"

"நீங்க டீ குடுத்து வீட்டுல வெச்சுச் சொன்னீங்க. பத்திரிகைக்குச் சொல்லலை" என்றேன்.

அவர் எங்களை வாசல் வரை வந்து அனுப்பினார். படியிறங்கும்போது ரீட்டா, "இப்ப கையில ஒண்ணும் இல்லை" என்றாள். "ஒண்ணும் இல்லை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நாங்கள் இருவரும் உட்கார்ந்து நாலு வரி எழுதினோம். உண்மை என்றும் எழுத முடியாது, பொய் என்றும் எழுத முடியாது. எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினோம்: 'இந்தப் பாட்டில் வலையைப் பற்றி வரும் வரி கண்ணால் பார்த்து எழுதியதில்லை. எழுதியவரிடம் பார்த்தாயா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பார்க்காத வலைப் பேச்சை இனி அச்சடிக்க மாட்டோம்.'

கூடத்தில் அதைப் படித்தேன். "வழவழா கொழகொழான்னு கீது" என்று ஒருவர் சொன்னார். "உண்மையா பொய்யா, ஒண்ணு சொல்லு" என்றார் இன்னொருவர். வஞ்சிரம் எழுந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா மோட்டாருக்குப் பக்கத்தில் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் சொன்னது..." என்று வஞ்சிரம் ஆரம்பித்தபோது வாசலில் சலசலப்பு.

டீசல் வந்துகொண்டிருந்தான். தனியாக. தோளில் ஒரு புது வலைக் கட்டு. லாஞ்சுக் கரைப் பையன் ஒருவன் அந்தக் குப்பத்துக்குள் அந்த நேரத்தில் தனியாக நடந்து வருவது சும்மா இல்லை. பையன்கள் வழிவிடாமல் நின்றார்கள்.

"இன்னா டீசலு, வலை விக்க வந்தியா?"

"ஐசு வாங்க வந்தேன். உங்காளுக்கு வேணுமில்ல" என்றான். வழி விட்டார்கள்.

வலையைத் தலைவர் முன்னால் இறக்கினான். "அப்பா குடுக்கச் சொன்னாரு. அறுத்தேன்னும் சொல்லாதே, அறுக்கலைன்னும் சொல்லாதேன்னாரு. இருட்டுல எது அந்துச்சுன்னு அவருக்குத் தெரியாதாம். தெரியாம எதுனா அந்திருந்தா அதுக்கு இந்த வலைன்னு சொல்லச் சொன்னாரு."

அதை வாங்கினால் அறுத்தது உண்மை என்று ஆகும். திருப்பி அனுப்பினால் வந்தவனை அவமதித்ததாகும். தலைவர் குனிந்து வலையை விரல்களில் பிரித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"கண்ணு சின்னதா கீதே" என்றார். "லாஞ்சுக்காரனுக்கு எங்க வலை இன்னா தெரியும்? இதைப் போட்டா நெத்திலிதான் மாட்டும்."

முதலில் வஞ்சிரத்தின் அப்பாதான் சிரித்தார். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. டீசலின் முகம் போன போக்கைப் பார்த்து வஞ்சிரமும் சிரித்தான்.

தலைவர், வலைக் கடைக்காரர் மகளான ரீட்டாவைப் பார்த்தார். "உங்க கடையில மாத்திக் குடுப்பீங்களா?"

"பில்லு இருந்தா" என்றாள் ரீட்டா.

மாற்றிய வலை யாருக்கும் சொந்தமில்லை, கூடத்திலேயே இருக்கட்டும், அடுத்து யாருக்கு நிஜமாக அறுந்து போகிறதோ அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவானது. எங்கள் நாலு வரி அதே சுவரில், அதே மாதிரி லேமினேட் செய்து மாட்டப்பட வேண்டும். வஞ்சிரம் பாடலாம். வலைப் பேச்சு பாடினால் பார்த்ததை மட்டும் பாட வேண்டும்.

பிறகு தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். எங்களுக்கும் ஒரு தண்டனை உண்டு. "இனிமே எங்க ஊர்ப் பாட்டை அச்சடிக்கறதுன்னா, முன்னாடி இங்க வந்து சத்தமாப் படி. உண்மையா பொய்யான்னு நாங்க கேப்போம். நீ நின்னு பதில் சொல்லு."

வஞ்சிரமும் அவன் சித்தப்பாவும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் டீசல் போய் ஒரு கை கொடுத்தான். "தள்ளு, எண்ணெய் ஒட்டும், சட்டை கலீஜாயிடும்" என்று வஞ்சிரம் சொன்னது கேட்டது. டீசல் கையை எடுக்கவில்லை.

ஆக, இந்த விதி யாரோ யோசித்து வைத்த நல்ல யோசனை இல்லை. நம் பத்திரிகைக்குக் கிடைத்த தண்டனை. அதுவும் ஒரே ஒரு குப்பத்துக்கு மட்டும்.

அதை எல்லாத் தெருவுக்கும் ஆக்கியது நாங்கள். அடுத்த இதழில் சடையங்குப்பத்துப் பெண் ஒருத்தியின் பாட்டு வந்தது, மழை வெள்ளத்தைப் பற்றி. அங்கே யாரும் எங்களைக் கூப்பிடவில்லை. ரீட்டாதான் போகலாம் என்றாள். போய்ப் படித்தோம். 'கூரை முட்டத் தண்ணி வந்துச்சு' என்று ஒரு வரி. கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர், கையிலிருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "கூரை வரைக்கும் எங்க வந்துச்சு? ஜன்னல் வரைக்கும்தான் வந்துச்சு. ஜன்னல்னே போடு. ஜன்னல் வரைக்கும் வந்தாலே பாய், அடுப்பு, புள்ளைங்க புஸ்தகம் எல்லாம் போச்சு. கூரைன்னு போட்டா ஆபீசருங்க பொய்ம்பாங்க" என்றார். பாடின பெண் அங்கேயே மாற்றினாள். அந்தப் பாட்டை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்த ஜன்னல் அப்படி வந்ததுதான்.

போனில் அனுப்பினால் பாடினவர் ஓகே சொல்வார். சொல்லத்தான் செய்வார், அவர் பாட்டு அல்லவா. அந்தத் தெருவில் படிக்கத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றித்தான் நாம் அச்சடிக்கிறோம். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். ஒவ்வொரு இதழும் வந்ததும் நான் அவருக்குப் படித்துக் காட்டுவேன். பாதியில், "நிறுத்து, இது சரியா கீதா?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயப்படாத பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வஞ்சிரம் இன்றும் கடலுக்குப் போகிறான், பாடுகிறான், டீசலை விடாமல் திட்டுகிறான். கூடத்தில் இருந்த வலையை அப்புறம் யார் எடுத்தார்கள் என்று நீங்களே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியும் இந்த மாதம் போகத்தான் போகிறீர்கள், வரப்போகும் இதழில் அந்தக் குப்பத்துப் பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் வலையும் இருக்கிறது. நான் வர மாட்டேன். நாற்காலி உங்களுடையது, தண்டனையும் உங்களுடையது.

டீக்கடைக்குப் பக்கத்தில் நின்று படியுங்கள். மைக் வேண்டாம். திட்டுகிற வரியை முணுமுணுத்து விழுங்காதீர்கள், அதைத்தான் உரக்கப் படிக்க வேண்டும். முடிந்ததும் போனை எடுக்காதீர்கள், பஸ் நேரம் பார்க்காதீர்கள். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். டீயை உறிஞ்சுவார்கள், கடலைப் பார்ப்பார்கள். கிளம்பலாம் போலிருக்கும். கிளம்பாதீர்கள். யாராவது ஒருவர் வாயைத் திறந்து கேட்கும் வரை நில்லுங்கள்.